முதுகில் இருந்த சாட்சி

ஓடுகிறேன். பஞ்சாலைச் சுவரோரம். பின்னால் துப்பாக்கிகள். காடாத்துணி கிழிகிற சத்தம். ஒன்று. இடைவெளி. பிறகு இடைவெளியே இல்லை.

"படுங்கடா! சுடறான், படுங்க!"

யாரும் படுக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஓடினார்கள். செய்தி எடுக்கப் போன நானும் ஓடினேன். பக்கத்தில் ஓடிய நெசவாளி சவரிமுத்து குப்புற விழுந்தான். முதுகில் சிவப்பு. நான் நிற்கவில்லை.

புதுச்சேரி. முப்பதுகளில் ஓர் ஆடி மாதம்.

செத்தவர்களைப் போலீசே புதைத்தது. வீட்டாருக்கு உடலைக் காட்டவில்லை. சவரிமுத்து பிழைத்தான்.

மறு வாரம் பாரிசிலிருந்து ஒரு நிருபர் வந்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியும். மொழிபெயர்க்க அழைத்தார். சவரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடலைப் பார்த்த அறை. பிரெஞ்சு அதிகாரி காப்பியைக் கலக்கியபடி சொன்னார்: கல்லோடு பாய்ந்தார்கள். எதிரே வந்தவர்களைத்தான் சுட்டோம்.

நிருபர் சவரிமுத்துவிடம் திரும்பினார். குண்டு எங்கே பட்டது? தமிழில் கேட்டேன்.

"தோள்லங்க."

"முதுகுல. சட்டையக் கழட்டு, சவரி. அத காட்டுனாத்தான் நம்புவாங்க," என்றேன்.

"ஓடிப்போயி முதுகுல வாங்குனவன்னு பேப்பர்ல போடவா? எம் மாமனாரு வாசல மிதிக்க வுடுவாரா? நீங்களுந்தான ஓடுனீங்க, ஐயா. உங்க முதுகக் காட்டுங்க."

நிருபரிடம் முதுகில்தான் என்றேன். அதிகாரி சிரித்தார். காட்டட்டுமே என்றார்.

சவரிமுத்து கழுத்துப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. கண் தரையில் இருந்தது. மார்பில் பட்டால் வீரன், முதுகில் பட்டால் கோழை. தாலாட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். நிருபர் குறிப்பேட்டை மூடி வைத்தார். சாக்கு என்று நினைத்திருப்பார்.

சுட்டவன் வெட்கப்பட வேண்டிய புண். பட்டவன் வெட்கப்பட்டான். அவனை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. நானும் ஓடியவன்.

பாரிஸ் பத்திரிகை கப்பலில் வந்தது. பாய்ந்து வந்தவர்கள் மீது சுட்டார்கள் என்று அச்சாகியிருந்தது.

நாங்கள் இழந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களைச் சொல்கிறேன். தறிக்குப் பாவு ஓட்டும் அந்தோணி. நூற்புப் பகுதி கோவிந்தன். கோவிந்தனின் தம்பி, பெயரைக் கேட்காமல் விட்டேன். மூவரும் எனக்கு முன்னே ஓடியவர்கள். மூவரும் அந்தச் செய்தியில் பாய்ந்து வந்தவர்கள்.

மார்கழிக்குள் சவரிமுத்துவின் புண் யாருக்கும் காட்டப்படாமலே ஆறிவிட்டது. அதையும் இழப்பில் சேர்க்கிறேன்.