‘ம்’ என்று சொல்ல ஒருவர்

அவையின் நடுநாயகமாய் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைக் கடைக்கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்ட அன்பும் பண்பும் நிறைந்த தலைவர் அவர்களே, மொழிக்கென வாழ்வின் முற்பகலையும் பிற்பகலையும் தந்துவிட்டு இம்மன்றத்தில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, முன்வரிசையில் முகமலர்ச்சியோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிட்டுத் தனியாக வந்தமர்ந்திருக்கும் தோழர்களே, தோழியரே, என் குரலைப் பெரிதாக்கும் பெரும்பணியைச் சின்னதொரு திருகாணியால் செய்துகொண்டிருக்கும் ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

எனக்கு முன் பேசிய பெருமக்கள் தமிழின் தொன்மையைப் பேசினார்கள். தமிழின் வன்மையைப் பேசினார்கள். நான் பேச வந்திருப்பது தமிழின் மிகச் சிறிய சொல்லைப் பற்றி. வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய சொல் அது. மூடிய உதட்டுக்குள் பிறந்து, மூக்கின் வழியே வெளியேறி, எதிரே இருப்பவரின் நெஞ்சில் போய் அமரும் சொல். அந்தச் சொல், ‘ம்’.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மனிதர்கள் அன்றாடம் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஒலிப்பதிவு செய்து, இருமலையும் இழுவையையும் இடைவெளியையும் ஒன்றுவிடாமல் எழுதி ஆராய்வதுதான் என் தொழில் என்றபோது என் தாயாரும் இப்படித்தான் சிரித்தார். “ஊரார் பேசுறதை ஒட்டுக் கேக்கிறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?” என்றார். இன்று அவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

கேட்டுப் பாருங்கள் நம் பேச்சை. “சாப்பிட்டாச்சா?” என்கிறோம். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியா? “வேற?” என்கிறோம். வேறு எதைக் கேட்கிறோம்? பேசுவதற்கு ஒன்றுமே இல்லாதபோதும் பேச்சு முடிந்துவிடக் கூடாதே என்ற பதைப்பில் “அப்புறம்?” என்று ஒரு சொல்லை நீட்டுகிறோமே, அது சொல்லா, கையா? விழப்போகும் பேச்சைத் தாங்கிப் பிடிக்கும் கை அல்லவா அது?

என் ஆராய்ச்சி அறையை நீங்கள் பார்த்ததில்லை. சன்னலை அடைத்திருப்பார்கள், வெளிச்சத்தம் வரக்கூடாது என்று. சுவரெங்கும் பஞ்சு ஒட்டியிருப்பார்கள், உள்சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்று. அங்கே ஒரு மேசை, ஒரு கணினி, காதை மூடும் கருவி, நான். காதுக்குள் ஊரே பேசும். கணவனும் மனைவியும் கத்தரிக்காய்க்காகச் சண்டை போடுவார்கள், அக்காளும் தங்கையும் அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவார்கள். காதுக் கருவியைக் கழற்றினால் யாரும் இல்லை. காலையில் அறைக்குள் நுழைந்து மாலையில் வெளியே வரும்வரை ஓராயிரம் சொற்களைக் கேட்டிருப்பேன். அவற்றுள் எனக்கென்று சொல்லப்பட்டது ஒன்றும் இராது.

அங்கே ஐயா ஒருவருடைய கைப்பேசி ஒலிக்கிறது. அணைக்க வேண்டாம் ஐயா, எடுத்துப் பேசுங்கள். உங்களைக் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறாரே, அது இந்தக் கூட்டத்தைவிடப் பெரிது.

அந்த அறைக்கு வந்துசேர்ந்த ஒரு குரலைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு வாரம் சட்டைப்பையில் சிறியதோர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு வழக்கம்போல வாழ்ந்துவிட்டுத் திருப்பித் தரும் தன்னார்வலர்கள் தேவை என்று பல இடங்களில் அறிவிப்பு ஒட்டியிருந்தோம். ஒரு பல் மருத்துவமனையின் சுவரில் அதைப் படித்துவிட்டு வந்தார் ஒருவர். அந்த மருத்துவமனையின் பின்னறையில் செயற்கைப் பல் செய்பவர். பல்செட்டுக்காரர் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். மெழுகை உருக்கி அதில் பல்லை வரிசையாகப் பதிப்பது, மாவைக் குழைத்து அச்சு வார்ப்பது, வந்த பல்லைத் தேய்த்து வழவழப்பாக்குவது, இதுதான் அவர் வேலை. மனைவி காலமாகி ஆண்டுகள் சில ஆகியிருந்தன. ஒரே மகள் வெளியூரில் வேலை. அந்த மகளோடு பேசுவதும் பதிவாகும் என்பதால் அவளிடமும் முன்னதாக ஒப்புதல் வாங்கிக்கொண்டோம்.

“நான் அதிகமாப் பேசுற ஆள் இல்ல மேடம். உங்களுக்குப் பிரயோசனப்படுமான்னு தெரியல” என்றார்.

“எப்பவும் போல இருங்க ஐயா, போதும்” என்றேன்.

வாரம் முடிந்தது. கருவி வந்தது. கேட்கத் தொடங்கினேன். தேய்க்கும் இயந்திரத்தின் சத்தம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம். “அண்ணே, அந்த மேல்செட்டு ஆச்சா?” என்று கதவோரம் ஒரு குரல். “ஆச்சு” என்று இவர் குரல். கடையில் “பாக்கெட்டா, லூஸா?” “பாக்கெட்.” பேருந்தில் “கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” ஒரு நாள் முழுக்க அவரிடம் பேசியவர்கள் எல்லாரும் வேலையைக் கேட்டார்கள், இடத்தைக் கேட்டார்கள், சில்லறையைக் கேட்டார்கள். அவரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அந்த மருத்துவமனைக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. அன்று மாலை அவர் வீடு திரும்பியதும் மகளின் அழைப்பு வந்தது.

“அப்பா, மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

“பாத்ரூம்ல அந்த லைட் மாத்தச் சொன்னேனே?”

“மாத்தியாச்சு.”

“சாப்பாடு?”

“ஆச்சு.”

“சரிப்பா, வைக்கட்டுமா? உடம்பைப் பாத்துக்கோ.”

“வைம்மா.”

பாசமில்லாத மகளா அவள்? இல்லை. பாசத்தைப் பட்டியல் போட்டுக் கேட்கிறாள், பாவம், நம்மில் பலரைப் போல. அழைப்பு துண்டிக்கப்படும் ஒலி கேட்டது. நான் பதிவை நிறுத்தக் கை நீட்டினேன். அப்போது அவர் குரல் தொடர்ந்தது.

“அப்புறம்... இன்னிக்கு டாக்டர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. ஒருத்தர் புது செட்டு போட்டுக்கிட்டுக் கண்ணாடியைப் பாக்குறாரு. ‘இது என் சிரிப்பு இல்லையே’ங்கிறாரு.”

ஓர் இடைவெளி.

“ஆமா. நானும் அதைத்தான் கேட்டேன். பழைய போட்டோ இருந்தாக் கொண்டாங்கன்னேன்.”

இன்னோர் இடைவெளி.

“முன்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருந்திருக்கும் போல. அழகாச் செய்றேன்னு அதை அடைச்சுட்டேன்.”

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. வாரம் முழுவதும், ஒவ்வொரு மாலையும், வீட்டுக்குள் நுழைந்ததும் இப்படித்தான். எங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன்.

“இது தனியாப் பேசிக்கிறதும்மா. உரையாடல் இல்ல. நம்ம ஆய்வுக்குள்ள வராது” என்றார்.

“இடைவெளியைப் பாருங்க சார்” என்றேன்.

கணினித் திரையில் அந்த இடைவெளிகளை அளந்து காட்டினேன். பேசிக் களைத்து மூச்சு வாங்கும் இடைவெளி ஒரு வகை. சொல் கிடைக்காமல் தடுமாறும் இடைவெளி இன்னொரு வகை. இவை இரண்டுமல்ல. எதிரே ஒருவர் அமர்ந்து ‘ம்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்து, அதற்குப் பிறகு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருந்தார் அந்த மனிதர். யாரும் கேட்காத கேள்விக்கு ‘ஆமா’ என்று பதில் சொல்லியிருந்தார். அந்தப் பதிவுகளில் அவரே சொன்னபடி, மறைந்த மனைவியின் உடைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த அம்மா அமர்ந்த நாற்காலியை மூலையில் போட்டுவிட்டார். ஆனால் அந்த அம்மாவின் ‘ம்’முக்கான இடத்தை மட்டும், அந்த இமைப்பொழுது இடத்தை மட்டும், இன்னும் காலிசெய்யவில்லை.

பேராசிரியர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “சேத்துக்கோ. நம்ம ஆய்வுலேயே பெரிய விஷயம் இதுதான்” என்றார்.

பெருமக்களே, நான் மகிழ்ந்தேன். மறைக்க மாட்டேன். இத்தனை ஆண்டு தேடியது கையில் கிடைத்துவிட்டது என்று பூரித்தேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசியவருக்குத் தம் பதிவைக் கேட்கும் உரிமையும் உண்டு, அழிக்கச் சொல்லும் உரிமையும் உண்டு. அவரை அழைத்தேன். விடுமுறை நாளொன்றின் முற்பகலில் வந்தார். நகக்கண்ணில் வெள்ளை மாவு. என் நாற்காலியில் அவரை அமரவைத்துக் காதில் கருவியை மாட்டினேன்.

கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சநேரம் கழித்துக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இது நானா?”

“ஆமாங்க ஐயா.”

“சத்தமாவா பேசுறேன்?”

“மெதுவாத்தான் பேசுறீங்க. ஆனா கேக்குது.”

“மனசுக்குள்ள பேசிக்கிறேன்னுல நெனச்சிருந்தேன்” என்றார்.

கருவியை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

“என் பொண்ணு இதைக் கேட்டாளா?”

“இல்லைங்க. உங்களைக் கேக்காம யாருக்கும் குடுக்க மாட்டோம்.”

“அழிச்சிருங்கம்மா. கேட்டா பயந்துருவா. அப்பாவுக்கு என்னமோ ஆகிருச்சுன்னு வந்து கையோட கூட்டிட்டுப் போயிருவா. அங்க போய் நான் யாருக்குப் பல் செய்றது?”

அதுவரை என்னை மேடம் என்றவர் அப்போதுதான் அம்மா என்றார். அழித்தேன். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். நகலையும் அழித்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “வீட்டுல அம்மா இருந்தப்போ, நீங்க பேசினா என்ன சொல்வாங்க?”

“என்ன சொல்வா? ஒண்ணும் சொல்ல மாட்டா. ‘ம்’முன்னுவா, அவ்வளவுதான். கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டிருக்கா, ஒரு தடவைகூட ‘நல்ல யோசனை’ன்னு சொன்னதில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் பஞ்சுச் சுவர் அறைக்குள் இரண்டு பேர் சிரித்தது அதுதான் முதல்முறை. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்று, “அந்தச் சத்தத்தைத்தான் அழிக்கச் சொன்னேன். நடந்ததை எங்கயாவது சொல்லணும்னா சொல்லிக்கோங்க. பேரு மட்டும் வேணாம்” என்றார். அந்த இசைவோடுதான் இன்று உங்கள் முன் இதைச் சொல்கிறேன்.

அவர் போய்ச் சில வாரங்கள் கழித்து என் கைப்பேசி ஒலித்தது. அவர்தான்.

“பொண்ணை நானே கூப்பிட்டேம்மா. ஞாயித்துக்கிழமை இல்ல, வாரத்துக்கு நடுவுல. பதறிட்டா. ‘என்னப்பா ஆச்சு’ன்னா. ‘ஒண்ணும் ஆகல, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்’னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“‘வேலையில இருக்கேம்ப்பா’ன்னா. ‘நீ வேலையைப் பாரு, நான் பாட்டுக்குப் பேசுறேன், நடுவுல ம்முன்னு மட்டும் சொல்லு’ன்னேன்.”

“சொன்னாங்களா?”

“சொன்னா. அந்தச் சிரிப்புக்காரர் போட்டோ கொண்டு வந்ததைச் சொன்னேன். திரும்பவும் சந்து விட்டு செட்டு செஞ்சதைச் சொன்னேன். ம்முன்னா. ஆனா டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பாதிதான் காதுல விழுந்திருக்கும்.”

எனக்கு மனம் சுருங்கியது. “வருத்தமா இருந்துச்சாங்க?” என்றேன்.

“எதுக்கு வருத்தம்? அவ அம்மாவும் வெங்காயம் நறுக்கிக்கிட்டேதானே சொல்வா” என்றார்.

அன்பு நெஞ்சங்களே, என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்தப் பெண் சொன்னது பழுதுபட்ட ‘ம்’. கவனம் பாதி, காலம் தவறியது, இடம் பிசகியது. ஆய்வேட்டில் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அந்தப் பாதி ‘ம்’மின் மேல் ஒரு மனிதர் தம் முழுப் பகலையும் இறக்கி வைத்தார் அல்லவா? பிறகு நிம்மதியாக வேலைக்குத் திரும்பினார் அல்லவா?

நாம் மொழியைக் காப்போம் என்று முழங்குகிறோம். முழங்குவோம், தவறில்லை. ஆனால் மொழியைக் காப்பது சொல்பவர் மட்டும்தானா? கேட்பவர் இல்லாத ஊரில் எந்தச் சொல் பிழைக்கும்? சொல்லுக்கு வீடு கட்டுகிறவர்களே, சொல்லுக்கு வாசல் எங்கே? நீங்கள் கூப்பிட வேண்டிய ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறார். மாத்திரையைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு வைத்துவிடாதீர்கள். சும்மா இருங்கள். அந்தச் சும்மாவுக்குள்தான் அவர் பேசத் தொடங்குவார். அப்போது வேலை பார்த்துக்கொண்டேகூட, காய் நறுக்கிக்கொண்டேகூட, சொல்ல வேண்டிய ஒற்றை எழுத்தைச் சொல்லுங்கள். புலமை வேண்டாம் அதற்கு. பட்டம் வேண்டாம். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

தலைவர் அவர்கள் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் பலர் தலையசைத்தீர்கள். மேடையிலிருந்து எல்லாம் தெரியும். மூன்றாம் வரிசை அம்மா, உங்கள் உதடு மூடியபடியே அசைந்தது, அதையும் பார்த்தேன். இந்த மண்டபத்தை விட்டு நான் போகும் வீட்டில் அது எனக்குக் கிடைக்காது. ஆகவே இங்கே கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகிறேன். அழைத்த மன்றத்தாருக்கும், செவி தந்த உங்களுக்கும் இந்தத் தனியொருத்தியின் நன்றி. வணக்கம்.