உள்ளே இருக்கட்டும்

மாடு வாங்க வருகிறவன் மாட்டைப் பார்க்கமாட்டான், சார்ஜண்ட். பக்கத்தில் நிற்கிறவன் அந்த மாட்டைப் பார்க்கிறானா என்றுதான் பார்ப்பான். அப்பா சந்தையில் ஏலம் விட்ட நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் கில்மோராவில் வீடு, நிலம், கன்றுக்குட்டி, செத்தவன் கட்டில் வரைக்கும் என் வாயால்தான் விலை போயிருக்கிறது. ஊரைப் பற்றிப் பாதிரியாரைவிட எனக்கு அதிகம் தெரியும். அவரிடம் பாவத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தப்பலாம். என்னிடம் விலையைக் குறைத்துச் சொன்னால் மாடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

உட்காருங்கள். அட்ராக்டா உங்களிடம் என்ன சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று தெரியும். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

வருஷா வருஷம் டிசம்பரில் நான்கு வாரத்துக்கு மட்டும் உரிமம் வாங்கி, சதுக்கத்தில் மூடிக்கிடக்கும் துணிக்கடையில் ஒரு வானொலி நடத்துகிறோம். வருகிற பணம் நோய் முற்றியவர்களைக் கடைசி நாட்களில் வைத்துப் பார்க்கும் இல்லத்துக்கு. நல்ல காரியம். நிகழ்ச்சியைத்தான் கேட்க முடியாது. காணாமல் போன நாய், பாடத் தெரியாத பெண்பிள்ளைகள், ஒரே சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு வானொலி வழியாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. பணம் திரட்ட கமிட்டிப் பெண்கள் கேக் சுட்டுக் குலுக்கல் வைத்தார்கள். இவள் சுட்டது அவளுக்கு விழும், அவள் சுட்டது இவளுக்கு. அந்த வருமானத்தில் இல்லத்துக்கு ஒரு தலையணை வாங்கலாம்.

அப்போதுதான் கமிட்டித் தலைவராக என்னைக் கொண்டுவந்தார்கள்.

மலக்கி டான்சியைப் பற்றி உங்களுக்கு ஊரே சொல்லியிருக்கும். தபால்காரன், பள்ளியில் என் வகுப்புக்காரன். காலை நிகழ்ச்சி அவனுடையது. வரிக் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவனை உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார்கள். நான் அதே வீட்டுக்கு யாரும் எதிர்பார்க்காத விலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் வாசலில் நிறுத்தியே பேசுவார்கள். அதில் எனக்கு ஒன்றுமில்லை. சரக்கு எது என்று காட்டத்தான் சொல்கிறேன். எங்களிடம் இருந்த ஒரே நல்ல சரக்கு மலக்கி.

அவனைக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள், பொம்மைகள் நின்ற இடத்தில், மைக்கோடு உட்கார வைத்துப் பூட்டுவது என் யோசனை. டீயும் சூப்பும் உண்டு, சாப்பாடு கிடையாது. வெளியே இரண்டு வாளிகள். ஒன்றில் ‘வெளியே விடு’ என்று எழுதியிருக்கும், மற்றதில் ‘உள்ளே இருக்கட்டும்’. எதில் அதிகம் விழுகிறதோ அதுதான் நடக்கும்.

"பாவம்ப்பா மலக்கி. அவனப் போய் உள்ள வெச்சுப் பூட்ட யாரு காசு போடுவா?" என்றாள் பல் டாக்டரின் மனைவி.

"நீங்களே போடுவீங்க," என்றேன்.

போட்டாள். எல்லோரும் போட்டார்கள். அவனுக்குத் தங்கள் சமையலறையில் நாற்காலி இழுத்துப் போடுகிற அதே ஆட்கள். ‘உள்ளே இருக்கட்டும்’ வாளியை அடிக்கடி காலி செய்ய வேண்டியிருந்தது. அன்பு என்று இவர்கள் சொல்வதை அன்றைக்குத்தான் முதல்முறையாக எடைபோட்டுப் பார்த்தேன்.

பூட்டுகிற அன்று காலையில் மலக்கி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"டேய் ஃபின்டன், வெயில் காலத்துல எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்கடா. வீட்டுல அட்ராக்டாவத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஊரு பூரா சட்டி சட்டியா சூப்பத் தூக்கிட்டு வந்துரும்."

"அப்புறம் ஏன்டா உள்ள ஒக்கார்றேன்னே?"

"நீதானடா கேட்ட."

முடியாமல் போனால் தொப்பியைக் கழற்றி மைக்கின் மேல் மாட்டுவதாகச் சொன்னான். நான் ஏதாவது சாக்குச் சொல்லிக் கதவைத் திறக்க வேண்டும். சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. இருபத்தைந்து வயதிலேயே வழுக்கை விழுந்தவன் அவன். தேவாலயத்துக்கு வெளியே அவன் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த அடையாளம்.

மைக் எதிரிலேயே இருக்கிறதே, வாயால் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் டப்ளின்காரர். இங்கே அறுவடை இயந்திரத்தில் காலை விட்டவனிடம் போய்க் கேளுங்கள். "நல்லா இருக்கேன், மத்தவங்க படுறதுக்கு இது என்ன," என்பான். ஊர் கேட்க உடம்பு முடியவில்லை என்று சொல்வது இவர்களுக்குத் துணியில்லாமல் நிற்பது மாதிரி.

அந்த வாரச் சனிக்கிழமை மாலை சதுக்கம் நிரம்பியிருந்தது. படிக்கட்டில் நின்று நான் இரண்டு வாளிகளுக்கும் கடைசி ஏலத்தை விட்டுக்கொண்டிருந்தேன். ‘வெளியே விடு’ பக்கம் கால்பந்துக் கிளப் பையன்கள். ‘உள்ளே இருக்கட்டும்’ பக்கம் ஹோட்டல்காரர் ஹெராட்டி. அவர் பணியாட்களுக்குச் சம்பளத்தைத் தவணையில் கொடுக்கிறவர். கூட்டம் பார்த்தால் மட்டும் தர்மவான்.

அப்போது அட்ராக்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேல்கோட்டுக்கு அடியில் சமையல் ஏப்ரன், கையெல்லாம் மாவு. வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மலக்கி "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று இரண்டு தரம் சொன்னானாம். ஒரு தரம் சொன்னால்தான் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தமாம்.

"ஃபின்டன், கதவத் தொற."

என் கையில் மைக் இருந்தது. "இந்தா, மிஸஸ் டான்சியே வந்துட்டாங்க. வீட்டுக்காரரத் திருப்பிக் கேக்குறாங்க. எவ்வளவும்மா போடுறீங்க?"

சதுக்கமே சிரித்தது. "ரெண்டு நாள் அங்கயே கெடக்கட்டும் அட்ராக்டா, நீ கொறட்டைச் சத்தம் இல்லாம தூங்கு," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"நான் பர்ஸ எடுத்துட்டு வரல ஃபின்டன்."

"அப்ப உங்க வீட்டுக்காரரு இன்னும் ஹெராட்டிகிட்டதான் இருக்காரு."

அவளும் சிரித்தாள். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தர்ம காரியத்தின் நடுவில், அத்தனை பேர் முன்னால், இந்த ஊர்ப் பெண் கூச்சல் போடமாட்டாள். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே என் கோட்டுக் கையைப் பிடித்து, "தயவு பண்ணு ஃபின்டன், தயவு பண்ணு," என்று முணுமுணுத்தாள். அது ஒலிபரப்பில் விழாதபடி மைக்கை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் நிற்பதைப் பார்த்த பிறகு ஹெராட்டி ஒரே தாவலில் ஆயிரம் யூரோ ஏற்றினார். வேடிக்கை சூடுபிடித்தால் விலை ஏறும் என்பது எனக்குத் தெரியும். மலக்கி ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தான். தூங்குகிற மாதிரி நடிக்கிறான் என்று கூட்டம் கைதட்டியது. ஒருத்தி குழந்தையைத் தோளில் தூக்கி அவனைக் காட்டினாள். நான் ஒரு தரம் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். கிளப் பையன்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்களோ என்று சற்றே நிறுத்தி, பிறகு மூன்றாம் தரம் சொன்னேன். சுத்தியலைத் தட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

முன்னாலேயே திறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்கிறார். விற்று முடிந்த பிறகு விலை சொல்வதற்கு டாக்டர் எதற்கு.

சரி, தொப்பி. விசாரணையில், கூட்டம் மறைத்தது, கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். சந்தையில் ஒருவன் மூக்கு நுனியைத் தொட்டாலே அது எத்தனை யூரோ என்று சொல்லிவிடுகிற ஆள் நான் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அட்ராக்டாவுக்கு வந்திருக்கிறது.

பார்த்தேன். அவள் சதுக்கத்துக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே தொப்பி மைக்கின் மேல் இருந்தது. வழுக்கைத் தலை முழுக்க வேர்வை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நானும் பார்த்தேன், நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்கும் தெரிந்தது. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான், இனிமேல் கவலையில்லை என்கிற மாதிரி. நான் ஹெராட்டி பக்கம் திரும்பி, "வேற யாராச்சும்?" என்றேன்.

அந்தப் பணத்தில் இல்லத்துக்கு இரண்டு புது அறைகள் கட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். அங்கே படுத்திருப்பவர்களிடம் போய், அறையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்களா என்று கேளுங்கள். கணக்கு என்னுடையது, சரியான கணக்கு.

பொறாமையில் செய்தான் என்று அட்ராக்டா சொல்லியிருப்பாள். தபால்காரன்மேல் எனக்கு என்ன பொறாமை. அப்படி இருந்தால் அவன் சாவு வீட்டில் அவ்வளவு நேரம் நின்றிருப்பேனா. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சவப்பெட்டியின் பக்கத்தில் குடும்பம் வரிசையாக இருக்கும், ஊர் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்துவிட்டுப் போகும். முதலில் அட்ராக்டா, அடுத்து அவன் தங்கை, அதற்கடுத்து நான் போய் நின்றுகொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. நகரு என்றும் யாரும் சொல்லவில்லை. சதுக்கத்தைச் சுற்றி மழையில் வரிசை நின்றது. ஒருவர் விடாமல் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "மனசத் தேத்திக்கோ ஃபின்டன்," என்றார்கள். பல் டாக்டரின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். பின்னேரம் முழுக்க அப்படி நின்றேன், கால் வலிக்கவேயில்லை. கடைசி ஆளும் கைகொடுத்துவிட்டுப் போய், கதவைச் சாத்தின பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.