உதிராத இடங்கள்

பழைய ஓவியத்தில் படிந்த அழுக்கை எடுக்கப் பஞ்சும் எச்சிலும் போதும். கேட்க அருவருப்பாக இருக்கும்; ஆனால் வண்ணத்துக்கு நோகாது. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுதுபோக்காக இதைக் கற்றுக்கொண்டேன். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களில் தொங்கும் தாத்தாக்கள் பலருக்கு உதிர்ந்துபோன மூக்கையும் மீசையையும் மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அக்காவை வரைந்த எண்ணெய் வண்ணப் படத்தையும் அப்படித்தான் சுவரிலிருந்து இறக்கினேன். கல்லூரியில் படிக்கும்போதே காய்ச்சலில் போனவள். அவள் நினைவாக மிஞ்சியது அந்த ஒரு படம்தான். அம்மா தினமும் அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"சாப்டியா கண்ணு? முகமே வாடிக் கெடக்கே."

நினைவு தெளிவாக இருந்த காலத்திலும், நான் எது செய்தாலும் "பெரியவ இருந்திருந்தா" என்றுதான் ஆரம்பிப்பாள். நினைவு தப்பிய பிறகு அவளுக்கு நான் நர்ஸம்மா. குளிப்பாட்டி, ஊட்டி, ஈரத்துணி மாற்றுகிறவள்.

"சத்தம் போடாத நர்ஸம்மா. எம்பொண்ணு பேசுறா."

இந்த வேலைக்கு ஒரே விதி. உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்பலாம். உதிராத இடத்தைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். வண்ணத்தையே கரைக்கும் தின்னரில் தோய்த்த பஞ்சால் ஒரு புருவத்தைத் துடைத்துவிட்டு, அங்கே என் புருவத்தை வரைந்தேன். அம்மா கவனிக்கவில்லை. பிறகு மூக்கு. பிறகு என் தடித்த உதடு. நான் அவசரப்படவில்லை. ஒரு நாளாவது அவள் என் முகத்தைப் பார்த்துக் கண்ணு என்று சொல்லட்டுமே என்றிருந்தது. அது பேராசை என்றால், சரி, பேராசைதான்.

கண்களையும் முடித்து மாட்டிய அன்று அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இது சின்னவதானே? இவள எதுக்கு இங்க மாட்டின? இவ மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது. எம்பொண்ணு எங்க, நர்ஸம்மா?"

நேரில் அடையாளம் தெரியாத என்னைப் படத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வேலை அவ்வளவு சுத்தம்.

"பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்புல நிக்கிறாம்மா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் சார், அந்த லாரி ஓட்டுநரை விட்டுவிடுங்கள். அவன்மேல் தப்பில்லை. கதவைத் திறந்துவிட்டவள் நான். அம்மாவால் தனியாக ரோட்டைக் கடக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஈவிரக்கம் இல்லாதவள் என்று மட்டும் என்னை எழுதிவிடாதீர்கள். உச்சி வெயில், தார் ரோட்டில் கால் சுடுமே என்று, குனிந்து அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.