‘தெரியாது’ என்று எழுதிய ஜூடித் அம்மையாருக்குப் பசுந்தாங் தையற்கூடத்தார் அளிக்கும் விடை

ஏட்டில் எழுத்துப் பிழையும் ஏப்ரனில் நூற்பிசிறும் ஏற்காத ஏற்றமே, அக்கரை நாட்டார் அனுப்பிய ஆயிரம் வினாக்களுக்கும் அலுக்காமல் விடையெழுதிய அன்னையே, கரண்ட் போன பொழுதிலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைக் கையிலெடுத்த கண்ணியமே, தின்கன்ஜூனில் எழுந்து, பஸ்ஸில் நின்று, பசுந்தாங்கில் இறங்கி, இருபத்தாறு ஆண்டுகளாக நாள்தோறும் எங்களுக்கு முன்பே வந்து எங்கள் தாமதத்தைக் குறித்துக்கொண்ட தாயே, டாவ் ஜூடித் என்று பர்மியரும் அக்கா என்று நாங்களும் அழைக்கும் அம்மையீர், வணக்கம்.

இதுவரை படித்தது உங்களுக்கு. இனிமேல் சபைக்கு. ஒருவரை மாலையும் கழுத்துமாக உட்காரவைத்துவிட்டு அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவது மரியாதை இல்லைதான். ஆனால் அம்மையார் அறையில் இல்லாத நேரமெல்லாம் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒருமுறை அவர் காதிலும் விழட்டும்.

தையற்கூடத்தில் தைக்காத ஒருவருக்கு என்ன வேலை என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதுண்டு. நாம் தைக்கும் சமையற்காரர் ஏப்ரன்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அங்கே ஒரு விதி பிறந்தால் இங்கே ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் எழுதுவது அம்மையாரின் வேலை. முதலில் ஒரு தாளாக வந்தது. பிறகு கட்டாக வந்தது. பிறகு கணினிக்குள் புகுந்து அடி தெரியாமல் நீண்டது. அவற்றுள் நல்ல கேள்விகளும் இருந்தன. தீப்பிடித்தால் ஓடுவதற்கான பின்கதவின் பூட்டைக் கழற்ற வைத்தது அப்படியொரு கேள்விதான். கேள்வி வராவிட்டாலும் உதுமான் முதலாளி தாமாகவே கழற்றியிருப்பார் என்று அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிவைக்கிறோம்.

அம்மையார் பொய்யே எழுதாதவர் என்றும் சொல்ல வரவில்லை. மழையால் நடக்காமல் போன தீயணைப்புப் பயிற்சியை ‘நடந்தது’ என்று ஒருமுறை எழுதினார். அந்த ஞாயிறு கோயிலில் எல்லோரும் எழுந்த பிறகும் அவர் முழங்காலிட்டே இருந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்தவர்கள் நம்மில் உண்டு. செபிக்கப் போனவர்கள் ஏன் அதைப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ஏப்ரன்களை வாங்கியவர் தோமாஸ் என்ற பெல்ஜியத்துக்காரர். பர்மிய வழக்கப்படி நமக்கு ஊ தோமா. பெரிய முதலாளி அல்லர், அப்பா விட்டுப்போன சின்னக் கடைதான். ஆண்டுக்கொரு முறை வருவார், போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் மீன்குழம்புச் சேமியாவான மொஹிங்கா சாப்பிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வார். அவர் வரும் வாரத்தில் மட்டும் அம்மையாரின் நூல் சேலை பட்டுச் சேலையாக மாறும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குள் சொல்லிக்கொண்டதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சென்ற மழைக்காலத்தில் வந்தது அந்தக் கேள்வி: இத்துணியின் பருத்தி எந்த வயலில் விளைந்தது, அந்த வயலில் உழைத்தவர் விரும்பித்தான் உழைத்தாரா, அறிந்து சான்றளிக்க. துணியை நாம் சந்தையில் வாங்குகிறோம். சந்தைக்காரர் லாரியில் வாங்குகிறார். லாரி எல்லையிலிருந்தும் வரும், வடக்கே மேல்பர்மாவிலிருந்தும் வரும். அம்மையார் குடையும் கையுமாகக் கடைகடையாக ஏறி இறங்கினார். “உங்களுக்குத் துணி வேணுமா, பருத்திக்கு ஜாதகம் வேணுமா?” என்று கேட்டார் ஒரு வியாபாரி.

முதலாளி பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

“ஜூடித்தம்மா, தெரியும்னு ஒரு வார்த்தை போடுங்க. இந்தத் தெருவுல எல்லாரும் போட்டாச்சு.”

“போட்டா நமக்கு ஒண்ணும் ஆகாது முதலாளி. விசாரணை வந்தா மாட்டப்போறது ஊ தோமாதான். அவங்க ஊரு அபராதத்தை அந்தக் கடை தாங்காது.”

“போடலைன்னா நம்ம கடை தாங்காது.”

அம்மையார் ‘தெரியாது’ என்று எழுதினார்.

பிறகு ஊ தோமா போனில் பேசினார். பேசியதை அம்மையார் எங்களுக்குத் தமிழிலும் பர்மியத்திலும் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றவில்லை. உங்கள் ‘தெரியாது’வை வைத்துக்கொண்டு வாங்கச் சட்டம் விடாது, மற்றவர்களின் ‘தெரியும்’மை நம்பி வாங்க மனம் துணியவில்லை என்றாராம் அவர். என் கடையில் விற்பவர்களைவிட விதி படிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெரிய கம்பெனிக்கு ஒரு மாடி நிறைய வக்கீல்கள். யாரும் எதையும் கேட்காத சரக்கு என் விலையில் பாதிக்குப் பக்கத்துக் கடையிலேயே தொங்குகிறது. இதையெல்லாம் கோபமில்லாமல் சொன்னாராம். மழை விடுவதற்குள் அப்படியொரு பெரிய கம்பெனிக்கே கடையை விற்றுவிட்டார். எவரைக் காப்பாற்ற அம்மையார் உண்மை எழுதினாரோ, அவரும் போனார். நம் கூடத்தில் பாதித் தையல் இயந்திரங்களுக்கு உறை போட்டாயிற்று.

அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி கனகாம்பாள். முன்வரிசையில்தான் இருக்கிறாள். இந்த மடலில் கையெழுத்துக் கேட்டபோது, “நான் டான்பாவ் பிரியாணி சாப்பிட வந்தேன்” என்றாள். பிறகு, “அக்கா பொய் எழுத மாட்டாங்கன்னு எழுதிக்கோங்க. அதை வச்சு என் வீட்டுல உலை கொதிக்கலைன்னும் எழுதிக்கோங்க” என்றாள். இரண்டையும் எழுதிவிட்டோம்.

அம்மையீர், மறுபடி உங்களிடமே வருகிறோம்.

ஓய்வு வயதுக்கு இன்னும் ஓராண்டு இருக்க, ஏன் இந்த அவசர மாலை என்று நீங்கள் எவரையும் கேட்கவில்லை. கேட்காதது உங்கள் பெருந்தன்மை. சொல்லாமல் விடுவது எங்களுக்கு அழகில்லை. ஊ தோமாவின் கடையை வாங்கிய கம்பெனி நம்மிடமே ஏப்ரன் கேட்டிருக்கிறது, முன்னைவிடக் கூடுதலாக. கூடவே அதே கேள்வியையும் அனுப்பியிருக்கிறது. உங்கள் நாற்காலியில் அமரப்போகும் ரேவதி, திங்கட்கிழமை காலையில் ‘தெரியும்’ என்று எழுதுவாள். அந்தக் கம்பெனி அதை நம்பாது. நம்பாமலே பத்திரமாக வைத்துக்கொள்ளும். இயந்திரங்களின் உறைகள் கழலும். கனகாம்பாள் திரும்பி வருவாள். அந்தப் பருத்தி எவருடைய வயலில், எவருடைய கண்ணீரில் விளைந்தது என்பது இங்கேயும் தெரியாது, அங்கேயும் தெரியாது.

நீங்கள் இருக்கும் அறையில் அதை எழுத எங்களுக்குத் துணிவில்லை. அதனால்தான் இன்றே விருந்து, இன்றே விடை. கண்ணாடி போட்ட இம்மடலை உங்கள் வீட்டுச் சுவரிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். கூடத்துச் சுவர் இதைத் தாங்காது.

முழங்கால் வலி தணிந்து, கண் ஒளி குன்றாது, உண்ட சோறு உடலில் ஒட்டி, உறங்கும் பொழுதில் ஒரு கேள்வியும் எழுப்பாமல், நெடுங்காலம் நலமாக வாழுங்கள். தெருவில் எங்களைக் கண்டால் நில்லுங்கள். வீட்டைக் கேளுங்கள், பிள்ளைகளைக் கேளுங்கள், யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சில்லை என்பதைக்கூடக் கேளுங்கள், விவரமாகச் சொல்கிறோம். வேலையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் பொய் சொல்ல எங்களுக்கு இன்னும் வரவில்லை.

தங்கள் அன்பை இழக்க விரும்பாத
தையற்கூடப் பணியாளர்கள்,
பசுந்தாங், யாங்கூன்.