நூற்றுக்கு ஐம்பத்தைந்து

எனக்கு உப்பைக் குறைத்துச் சமைக்க நன்றாக வரும். எலுமிச்சை பிழிவேன், மிளகைத் தூக்கலாகப் போடுவேன். சாப்பிடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. இதயப் பிரிவு நர்ஸம்மா என் கைப்பக்குவத்தைக் கேட்டு மற்ற நோயாளிகளுக்கும் சொல்வார். அவரையும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பார்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். தொலைதூர லோடு. விருந்தாளி மாதிரி வருவார், தூங்குவார், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். எங்கள் தெரு நாய்க்குக்கூட ஒரு பெயர் உண்டு. பிள்ளைகுட்டியும் இல்லை. சுவரோடு பேசிக்கொண்டு கிடந்தேன்.

அப்புறம் அவருக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயத்தின் பலம் இருபத்தைந்து சதவீதம் என்றார்கள். இனி லாரியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த இருபத்தைந்தில்தான் நான் வாழ்ந்தேன். ஊருக்கு அது நோய், எனக்கு அதுதான் குடித்தனம். தினமும் காலையில் எடை பார்ப்பேன். கணுக்காலை விரலால் அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பேன். குளியலறைக்குப் போவதென்றாலும் என் தோளில் சாய்ந்துதான் நடப்பார். "கொஞ்சம் பக்கத்துல உக்காரும்மா" என்பார். அந்த 'ம்மா'வைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அடுத்த எக்கோவில் ஐம்பத்தைந்து. அவர் உள்ளே மார்பில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். "ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்கிட்ட இருக்கற ரத்தத்துல எவ்வளவை வெளிய தள்ளுதுங்கறதுதான் இந்தக் கணக்கு. நூறு யாருக்குமே வராதும்மா. நல்ல இதயமே அறுபதைச் சுத்திதான் தள்ளும். ஆனா மாத்திரையாலதான் இது ஏறியிருக்கு. நல்லாயிடுச்சேன்னு நிறுத்தினா மறுபடி சரிஞ்சிடும்." நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவர் பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார். "எவ்வளவாம்?"

"அம்பத்தஞ்சு."

"நூத்துக்கா?" என்றார். முகம் தொங்கிப்போனது. "அப்ப பாதி போயிடுச்சா?"

"ஆமாங்க" என்றேன். கேள்வி அவருடையது. நான் தலையாட்டினேன், அதற்குமேல் ஒன்றுமில்லை.

அவர் புலம்பியதைக் கேட்டு நர்ஸம்மாதான் உண்மையை உடைத்துவிட்டார். "யாருண்ணே பாதின்னு சொன்னது? அம்பத்தஞ்சுன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்." வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக லாரி முதலாளிக்குப் போன் போட்டார். வண்டி பட்டறையில் நிற்கிறது, அடுத்த மாதம் வா என்று பதில். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தா, பரண்ல இருந்து என் பையை எடு."

காலில் விழுந்தேன். போகாதீங்க என்று அழுதேன். "பைத்தியமா உனக்கு?" என்று தாண்டிப் போனார்.

உள்ளங்கையில் எதை வைத்தாலும் பார்க்காமல் விழுங்கும் மனிதர். மாத்திரைகளுக்குப் பதிலாகச் சத்து மாத்திரைகளை வைத்தேன். சமையலில் உப்பைக் கூட்டினேன். "இப்பதான் சாப்பாடு சாப்பாடா இருக்கு" என்றார். உடம்பில் நீர் ஏறினால் எடை காட்டிக் கொடுத்துவிடும். அதனால் எடை மெஷினின் முள்ளைப் பின்னுக்குத் திருகி வைத்தேன். கொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. முப்பதுக்கு இறக்கினால் போதும் என்றிருந்தேன், அடுப்பைச் சிம்மில் வைக்கிற மாதிரி. முப்பதோடு வருஷக்கணக்கில் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் அது என் கையில் நிற்கவில்லை. ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு இரைக்க ஆரம்பித்தது. உதடு நீலமானது. இப்படி ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து அவரை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். "ஆம்புலன்ஸ்... கூப்பிடும்மா" என்றார். போன் என் கையில்தான் இருந்தது. யோசித்தேன். வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மறுபடியும் ஐம்பத்தைந்து ஆக்கி அனுப்பிவிடுவார்கள்.

நான் கூப்பிடவில்லை. அவர் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் மணிக்கட்டில் இருக்கும் நகக் கீறல்களைப் பார்த்து, போனைப் பிடுங்கப் போராடியிருக்கிறார் என்று உங்கள் டாக்டர் சொல்கிறாராம். அந்த டாக்டருக்கு என்ன தெரியும். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் தானாக என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.