மூடியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்

கேட்டவர்க்குப் புத்தகமும், இன்று நமக்கு இந்த மண்டபமும் தந்து, தலைமையும் தாங்கி அமர்ந்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்து முகம் மலர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளை எந்நேரமும் கணினிப் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறதே, என்னதான் நடக்கிறது பார்த்துவிட்டு வரலாம் என்று வந்திருக்கும் தாய்மார்களே, எந்தக் கல்லூரியும் கற்றுத்தராமல் கணினி மொழியைத் தாமே தட்டுத் தடுமாறித் தட்டிப் பழகும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பெயிண்ட் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

நிரல் எழுதுகிறவர்கள் மன்றத்தில் நிறம் விற்கிறவனுக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. எனக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் என் கடையில் ஒருத்தி எழுதுகிறாள். என் மருமகள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து "வேண்டாம் மாமா" என்று தலையாட்டுகிறாளே, அவளேதான். ஆட்டட்டும். மைக் என் கையில் இருக்கிறது.

கல்லாவில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் போனில் பாடம் பார்த்துக் கற்றவள். முதலில் அவளும் ஊரில் உள்ள மொழியெல்லாம் தொட்டுத் தொட்டு விட்டவள்தான். பிறகு ஒரே மொழியைப் பிடித்தாள். அந்த மொழியைச் செய்தவர்களே எழுதிவைத்த இலவசக் கையேட்டைப் பிடித்தாள். கடைக்கு நிஜமாகவே உதவுகிற ஒரு வேலையைப் பிடித்தாள். வாடிக்கையாளர் ஒரு நிறத்தைக் காட்டினால், எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று கலக்கும் மிஷினுக்குச் சொல்லும் நிரல் அது. ஓடியது. ஒழுங்காகவே ஓடியது.

அங்கே ஒரு தம்பி கை தூக்குகிறார். என்ன, நிரலை எந்த எடிட்டரில் எழுதினால் நல்லது என்றா? தம்பி, கடைக்கு வரும் புதுப் பெயிண்டர் எல்லாரும் எந்த பிரஷ் நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். இலவசமாகக் கிடைப்பதில், தப்பான இடத்தில் கோடு போட்டுக் காட்டுகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் சுவரைக் கவனியுங்கள்.

சுவர் என்றதும் கதைக்கு வருகிறேன். ஒரு மழலையர் பள்ளி. திங்கட்கிழமை திறப்பு. நடைபாதைச் சுவருக்கு மங்கலான பச்சை. எங்கள் பழைய வாடிக்கையாளரான பெயிண்டர்தான் வேலை எடுத்திருந்தார். பாதிச் சுவர் முடித்து, மீதிக்கு வாளி வாங்கிப் போனவர், மறுநாள் காலையில் கடை வாசலில் நிற்கிறார்.

"முதலாளி, வந்து பாருங்க. இந்தப் பக்கம் ஒரு பச்சை, அந்தப் பக்கம் ஒரு பச்சை. பள்ளிக்கூடமா, கிளிக்கூண்டான்னு கேக்குறாங்க. இந்த வேலை போச்சுன்னா எனக்கு அடுத்த வேலை யார் குடுப்பா?"

நடந்தது இதுதான். சிறு டப்பாக்களையும் விற்கலாம் என்று, முந்தின நாள் மருமகள் நிரலில் ஒரு மாற்றம் செய்திருந்தாள். எங்கே செய்தாள்? கடையில் ஓடிக்கொண்டிருந்த அதே நிரலில். பழையபடி மாற்றலாம் என்றால் பழையது எங்கே? "கடைசி", "புதுக் கடைசி", "இதுதான் கடைசி" என்று கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. எது எப்போது எழுதியது, எழுதியவளுக்கே தெரியவில்லை. சிரிக்கிறீர்களே, உங்கள் பெட்டியில் எத்தனை கடைசி இருக்கிறது?

என் மகன் மெதுவாகச் சொன்னான், "பேசாம கம்பெனி சாஃப்ட்வேரே வாங்கிடலாம்பா." அவள் லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "அவர் சொல்றது சரிதான் மாமா. நான் கல்லாவையே பாத்துக்கறேன்" என்று மாடிக்குப் போய்விட்டாள். பெயிண்டருக்கு வேலை போகும் நிலை. இவளுக்கோ, ஆசையாய்க் கற்றது அந்த ஜிப்போடு மூடிப்போகும் நிலை.

மாடியில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னதான்டி ஆச்சு, எனக்குச் சொல்லேன்" என்றாள். அவளுக்கு டிவி ரிமோட்டே பகை. அதனாலேயே மருமகள் அரிச்சுவடியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

"முன்னாடி முழு வாளிக்கும் மொத்தமா சொட்டுக் கணக்கு போட்டேன் அத்தை. இப்போ ஒரு லிட்டருக்குப் போட்டு, முழுச் சொட்டா ஆக்கி, அப்புறம் பெருக்கறேன்."

"ம்."

"ஒரு லிட்டருக்குக் கருப்பு அரைச் சொட்டு கூட வராது, அதனால அது..."

நிறுத்திவிட்டாள்.

"ஏன்டி நிறுத்திட்ட? இப்பத்தான் புரிய ஆரம்பிச்சுது."

"அது சுழியாயிடும் அத்தை. சுழியை எத்தனை வாளிக்குப் பெருக்கினாலும் சுழிதானே." கருப்பு காணாமல் போய்ப் பச்சை பளபளத்த கதை அவ்வளவுதான். சிக்கிக்கொண்டால் ஆளிடம் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் சுவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். திரையில் பிழைச் செய்தி வந்தால் பயந்து மூடாமல் முழுவதும் படியுங்கள். அது திட்டவில்லை, வழி சொல்கிறது. இவளுக்கு அந்தச் செய்தி கூட வரவில்லை. சத்தமில்லாமல் தப்பு செய்கிற நிரல்தான் ஆபத்தானது.

கீழே ஓடிவந்து திருத்தினாள். பெயிண்டர் அசையவில்லை. "சரியாத்தான் இருக்குன்னு நேத்தும்தான் குடுத்தே, தங்கச்சி. எப்படி நம்புறது?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். கலந்த பெயிண்டில் ஒரு சொட்டை மூடியில் தொட்டுவைத்துக் காயவிட்டுப் பார்த்த பிறகே டப்பாவைக் கொடுப்போம். முந்தின நாள் மட்டும் அவசரத்தில் அதைச் செய்யாமல் வாளியைக் கொடுத்திருந்தோம். முன்பு சரியாக வந்த நிறங்களின் மூடிகளை, கலவை எழுதி ஒட்டி, பின்சுவரில் மாட்டியிருப்போம். அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லா மூடியையும் இறக்கினாள். ஒவ்வொரு நிறத்தையும் நிரலில் கொடுத்தாள். மகன் மூடியைப் படிக்க, பெயிண்டர் திரையைப் படிக்க, ஒவ்வொன்றாக ஒத்து வந்தது. ஒரு காப்பிப்பொடி நிறம் மட்டும் முரண்டு பிடித்தது. அதையும் திருத்திவிட்டு, "முதல் மூடியிலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள்.

"மறுபடியுமா?" என்றார் பெயிண்டர்.

"மறுபடியும்தான் அண்ணே. இதைத் திருத்தும்போது வேறெதையாவது கெடுத்திருந்தா?"

தங்கைகளே, தம்பிகளே, அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்த அன்றுதான் அவள் தொழில்காரி ஆனாள். இன்று அந்த மூடிகள் எல்லாம் நிரலுக்குள்ளேயே சோதனைகளாக இருக்கின்றன. ஒரு பொத்தான் அழுத்தினால் அத்தனையும் சரிபார்த்துக்கொள்கிறது. "கடைசி"களுக்குப் பதில் "கிட்" என்ற இலவசக் கருவி இருக்கிறது. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதிச் சேமித்தால், எந்தப் பழைய நிலைக்கும் திரும்பலாம். கடையில் ஓடும் நிரலில் அவள் இப்போது கைவைப்பதே இல்லை; தனிப் பிரதியில்தான் பழகுகிறாள். கேட்டால் பெட்டியே நிரல் எழுதித் தரும் காலம் இது. வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரி வரியாகப் படித்து, மூடியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் வாளியைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதோ, என் கையில் இரண்டு மூடிகள். ஒன்று அந்தப் பள்ளிச் சுவரின் முதல் பாதிக்குக் கலந்தபோது வைத்தது. மற்றது அவள் திருத்தியபின் மீதிச் சுவருக்குக் கலந்தபோது வைத்தது. எது எது? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. பெயிண்டர் மட்டும் தெரியும் என்கிறார், ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்கிறார். திங்கட்கிழமை அந்த நடைபாதையில் ஓடிய குழந்தைகளுக்கோ, சுவரில் ஒரு கதை இருப்பதே தெரியாது. கற்றவளுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழை யார் எழுதித் தர முடியும்?

இந்த இரண்டையும் உங்கள் மன்றத்துக்கே தருகிறேன். எழுதப் பழகும் மேசைக்கு மேலே மாட்டுங்கள். இடம் தந்த அம்மையாருக்கும், பொறுமை தந்த உங்களுக்கும், தலையாட்டுவதை ஒருவழியாக நிறுத்திவிட்ட என் மருமகளுக்கும் நன்றி கூறி, நிறைந்த மனதோடு விடைபெறுகிறேன். வணக்கம்.