டப்பாவில் இருந்த மாவு

— நாலு பக்கமும் கண்ணாடி போட்ட மளிகைக் கடைன்னா கோதுமை மாவுக்கு ரெண்டு மடங்கு விலை வைக்கலாமா? கதவைத் திறந்தா குளிர்காத்து ஜில்லுன்னு வருது. அது நம்ம காசுல வர்ற காத்து, தெரிஞ்சுக்கோ.

— விலையைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. கண்ணாடிக்கடையில மாவுக்குத் தனி மெஷின், வேர்க்கடலைக்குத் தனி மெஷின். அள்ளுற கரண்டிகூட வேற வேற. நான் போய் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன்.

— அங்கேயும் மனுஷங்கதானே வேலை செய்யுறாங்க? அவங்களுக்கு மட்டும் தப்பே நடக்காதா?

— நடந்தா போன் பண்ணிச் சொல்வாங்க. அதுக்குத்தான் பில் போடும்போது உங்க நம்பரை வாங்கி வச்சிருக்காங்க. உங்க தெருமுனைக் கடைக்காரர் சொல்வாரா? கடலை மூட்டையில சாய்ஞ்சுக்கிட்டு அதே கையால மாவை அள்ளிப் போடுவாரு.

— சும்மா சொல்லக்கூடாது, அவரு சுத்தமான ஆளு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இல்லை... பார்த்தா அப்படித்தான் தெரியுது.

— ஏங்க, போன வருஷம் தின்னது ஒரே ஒரு பிஸ்கட். அதுவும் பாதி. அதுல எங்கேயோ துளி கடலை இருந்திருக்கு. நம்ம பொண்ணு மூஞ்சி வீங்கி, கண்ணே தெரியலை. மறந்துட்டீங்களா?

— மறப்பேனா? ஆம்புலன்ஸுல அவ காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

— அவ மூச்சு இழுத்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அவ தூங்கினதும் மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பார்க்காம நான் படுக்கிறதில்லை. இன்னைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியா ரொட்டி போட்டுக் கொடுத்தேன்.

— இன்னைக்கு மட்டும் என்ன விசேஷம்?

— ஒண்ணும் இல்லை. சும்மா சொன்னேன்.

— அம்மா! இன்னொரு ரொட்டி!

— வந்துட்டேன் கண்ணு. டிவியைப் பார்த்துக்கிட்டே முழுங்காதே, மென்னு தின்னு.

— மூணாவது ரொட்டியா? ஏழு வயசுல நான் இப்படிச் சாப்பிட்டிருந்தா எங்கம்மா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாங்க.

— கண்ணு வைக்காதீங்க. ஏங்க... என்கிட்ட ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?

— எதை?

— எதையாவது.

— என்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு?

— அம்மா, தண்ணி!

— நான் கொடுத்துட்டு வரேன். உங்க போன் அடிக்குது பாருங்க.

— ஹலோ... ஆமா, நான்தான் பேசுறேன். சொல்லுங்க. ... என்னது? நேத்து அரைச்ச கோதுமை மாவுலயா? ... மாவு மெஷின் ரிப்பேர்னு கடலை மெஷின்லயே அரைச்சுட்டாங்களா! என்னம்மா இது, எங்க வீட்டுல குழந்தை இருக்கு. ... இல்லைங்க, நாங்க நேத்து அந்தப் பக்கமே வரலை. ... இந்த நம்பர்ல பில் இருக்கா? பழைய லிஸ்டைப் பார்த்துச் சொல்றீங்க போல. ... சரி, சரி. சொன்னதுக்கு நன்றி.

— யாரு போன்ல?

— சொல்றேன், உட்காரு. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். திட்டுறதா இருந்தா கடைசியில மொத்தமாத் திட்டு.

— எதுக்குத் திட்டணும்?

— கேட்டா தப்பிச்சோம்னு நீயே சொல்லுவே. இதோ பாரு, மூணு மாசமா நான் கண்ணாடிக்கடைக்குப் போகவே இல்லை. அவங்க துணிப்பையை வச்சுக்கிட்டு, தெருமுனைக் கடையில மாவு வாங்கி அதுல நிரப்பி, உன் கண்ணெதிர்லயே டப்பாவுல கொட்டினேன்.

— தெரியும்.

— தெரியுமா?

— உங்க ஆபீஸ் பையில சாப்பாட்டு டப்பாவைத் தேடினேன். துணிப்பை நாலா மடிச்சு இருந்துச்சு. அதுல அடிச்சிருந்த தேதி மூணு மாசம் பழசு. ஏமாத்துறவரு தேதியைக்கூடவா பார்க்க மாட்டீங்க? மூணு மாசமா என் கையாலயே அவளுக்கு ஊட்டியிருக்கேன்.

— அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?

— நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு இவ்வளவு நேரம் பார்த்தேன். ஏங்க இப்படிச் செஞ்சீங்க?

— அவளுக்கு மூச்சு முட்டினா உடனே போடுற அந்த ஊசிக்காகத்தான். வீட்டுல ஒண்ணு இருந்தா போதாது, ஸ்கூல் பையிலயும் ஒண்ணு இருக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல? விலையைக் கேட்டதும் எனக்கே மூச்சு நின்னுடுச்சு. மாவுல மிச்சம் பிடிச்சுத்தான் போன வாரம் அதை வாங்கினேன். தெருமுனைக் கடைக்காரர்கிட்டயும் கடலை எங்கே வைக்கிறீங்க, மாவு எங்கே வைக்கிறீங்கன்னு அவரு எரிஞ்சு விழுற வரைக்கும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் ரொட்டியை நான்தான் தின்னு பார்த்தேன்.

— அலர்ஜி உங்களுக்கா, அவளுக்கா?

— முட்டாள்தனம்தான், ஒத்துக்கிறேன். தினமும் பயந்து பயந்துதான் செத்தேன். ஆனா இப்போ போன்ல யாரு தெரியுமா? உன் கண்ணாடிக்கடைதான். கடலை மெஷின்லயே கோதுமையை அரைச்சு வித்துட்டாங்களாம். வீட்டுல இருந்தா தொடாதீங்கன்னு கெஞ்சுது அந்தப் பொண்ணு. நினைச்சுப் பாரு, நான் மட்டும் யோக்கியமா அங்கே வாங்கியிருந்தா... என்ன, ஏன் இப்படி வெளுத்துப்போயிட்டே?

— என்னைக்கு அரைச்ச மாவாம்?

— நேத்து. நம்ம நம்பர்ல பில்லுகூட இருக்குன்னு உளறுது அந்தப் பொண்ணு.

— அம்மா... தண்ணி குடிச்சும் நாக்கு அரிக்குதும்மா.

— சூட்டோட தின்னிருப்பே கண்ணு, அப்பா சொல்றேன், ஊதி ஊதிச் சாப்பிடு!

— ஊசியை எடுங்க.

— எதுக்கு இப்போ? அதான் சொன்னேனே, அது தெருமுனைக் கடை மாவு, ஒண்ணும் ஆகாது...

— ரெண்டு ஊசியையும் எடுங்க! உங்க மாவை நேத்தே குப்பையில கொட்டிட்டேன். டப்பாவைக் கழுவித் துடைச்சு, நானே கண்ணாடிக்கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து நிரப்பினேன்.